வகுப்பறை ஜன்னல்களில் அடித்த ஸ்க்ரூவைக் கழற்றுங்கள்: எங்கள் பள்ளித் தாளாளருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தாளாளர் அவர்களுக்கும் நிர்வாகக் குழுவினருக்கும்,

போன வாரம் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் நீங்கள் போட்ட சுற்றறிக்கையைப் படித்தேன். "மாணவர்களிடையே பரவிவரும் காய்ச்சலுக்கும் வகுப்பறைகளுக்கும் தொடர்பில்லை. வளாகம் தினமும் கிருமிநாசினி தெளித்துச் சுத்தம் செய்யப்படுகிறது. நுழைவாயிலில் சானிடைசர் வைக்கப்பட்டுள்ளது. பெற்றோர் தங்கள் இல்லங்களில் சுகாதாரம் பேண வேண்டும்" என்று அதில் இருந்தது. அந்த முதல் வாக்கியத்தை என்னால் ஏற்க முடியவில்லை. இதைப் பற்றி அலுவலகத்தில் எழுதிக் கொடுத்த மனுவுக்குப் பதில் வரவில்லை. அதனால்தான் மற்ற பெற்றோரும் ஆசிரியர்களும் படிக்கும்படி எழுதுகிறேன்.

நான் உங்கள் பள்ளியில் ஏழாம் வகுப்பு படிக்கும் மாணவியின் அப்பா. தொழில் ஏசி மெக்கானிக். வீடு, வங்கி, கிளினிக், கல்யாண மண்டபம் என்று எல்லா இடத்து ஏசியையும் கழற்றி மாட்டியவன். நோயைப் பற்றி டாக்டர் மாதிரிப் பேச எனக்குத் தகுதி இல்லை. ஆனால் மூடிய அறைக்குள் காற்று எப்படிச் சுற்றுகிறது என்பது என் அன்றாடச் சோறு. அதை வைத்துத்தான் பேசுகிறேன்.

ஜூனில் பள்ளி திறந்தபோது எல்லா வகுப்பிலும் ஏசி வந்திருந்தது. கட்டணமும் ஏறியது. கட்டணத்தைப் பற்றி இங்கே பேசப் போவதில்லை. அறைகளுக்கு என்ன செய்தீர்கள் என்பதுதான் என் கவலை. பழைய ஜன்னல்களை எடுத்துவிட்டு அலுமினியச் சட்டத்தில் கண்ணாடி போட்டீர்கள். குளிர் வெளியே போகக் கூடாது என்று நகரும் கண்ணாடிகளையும் சட்டத்தோடு சேர்த்து ஸ்க்ரூ அடித்தீர்கள். சுவரின் உச்சியில் இருந்த வென்டிலேட்டர்களைத் தெர்மோகோல் வைத்து அடைத்து, மேலே பெயின்ட் பூசிவிட்டீர்கள். கதவு தானாகச் சாத்திக்கொள்ள டோர் குளோசர் வேறு. இப்போது அந்த அறைக்குள் வெளிக்காற்று வர, கதவுக்கு அடியில் உள்ள இடுக்கைத் தவிர வேறு வழி கிடையாது. நாற்பது பிள்ளைகள், ஒரு டீச்சர், காலை முதல் மாலை வரை.

"ஏசிதான் இருக்கிறதே, அதிலிருந்து நல்ல காற்று வருமே" என்று அலுவலகத்தில் சொன்னார்கள். நான் வேலைக்குப் போகும் வீடுகளிலும் பாதிப் பேர் இப்படித்தான் நினைக்கிறார்கள். வெளியே மாட்டியிருக்கும் பெட்டி காற்றை இழுத்து உள்ளே அனுப்புகிறது என்று ஒரு நம்பிக்கை. அது தவறு. ஸ்பிளிட் ஏசியில் உள் யூனிட்டையும் வெளி யூனிட்டையும் இணைப்பது இரண்டு செம்புக் குழாய்களும் ஒரு வயரும்தான். குழாய்க்குள் ஓடுவது கேஸ் மட்டும். தண்ணீர் வடிய ஒரு டியூப் வெளியே போகும். காற்று போக வர அதில் பாதையே இல்லை. உள் யூனிட் அறையில் இருக்கும் காற்றையே மேல்பக்கமாக இழுத்து, குளிர்ந்த காயில் (சுருள் குழாய்) வழியாக விட்டு, திரும்ப அதே அறைக்குள் ஊதுகிறது. வெளி யூனிட் அறையின் சூட்டை வெளியே தள்ளுகிறது, அவ்வளவுதான். முன் பேனலைத் தூக்கினால் தெரிகிற பிளாஸ்டிக் வலை தூசியையும் முடியையும் பிடிக்கும். வைரஸைச் சுமந்து வரும் நுண்துளி அதன் கண்களில் தாராளமாகப் புகுந்து போகும். மாதா மாதம் அதைக் கழுவி மாட்டுவதால் ஏசி நன்றாகக் குளிரும், பிள்ளைகளுக்கு நோய் தொற்றுவது குறையாது.

சரி, காய்ச்சல் எப்படிப் பரவுகிறது? ஃப்ளூவோ கொரோனாவோ, தொற்றியவர் மூச்சு விடும்போதும் பேசும்போதும் இருமும்போதும் பெரிதும் சிறிதுமாகத் துளிகள் வெளியே வருகின்றன. பெரியவை சீக்கிரம் தரையில் விழுந்துவிடும். கண்ணுக்குத் தெரியாத சிறியவை விழாமல் காற்றிலேயே மிதக்கும். உங்கள் அலுவலகத்தில் காலையில் ஊதுபத்தி ஏற்றுகிறார்களே, அந்தப் புகை மாதிரி. பக்கத்தில் நிற்பவருக்கு அடர்த்தியாக, தள்ளி நிற்பவருக்குக் கொஞ்சம் மெல்லியதாக. ஆனால் ஜன்னல் மூடியிருந்தால் சற்று நேரத்தில் அறை முழுக்க அதுதான். சத்தமாகப் பேசப் பேச இந்தத் துளிகள் அதிகமாகும் என்று ஆய்வுகள் சொல்கின்றன. கோரஸாகச் செய்யுள் ஒப்பிப்பது எந்த வகுப்பில்தான் இல்லை?

இது புதிதாகக் கண்டுபிடித்த விஷயமும் இல்லை. 1977ல் அலாஸ்காவில் 54 பேர் இருந்த ஒரு விமானம் இன்ஜின் கோளாறால் மூன்று மணி நேரம் தரையிலேயே நின்றது. அந்த நேரத்தில் காற்றோட்டக் கருவி ஓடவில்லை. உள்ளே ஒரே ஒருவருக்குத்தான் ஃப்ளூ. 72 மணி நேரத்துக்குள் பயணிகளில் 72 சதவீதம் பேர் படுத்துவிட்டார்கள். யாரும் அவரோடு கை குலுக்கிக்கொண்டு வரிசையில் நிற்கவில்லை. காற்று மாறவில்லை, அதுதான் நடந்தது. உங்கள் வகுப்பறை மூன்று மணி நேரம் மட்டும் மூடியிருப்பதில்லை.

இன்னொன்று, நம் ஊர் வகுப்பறைக்கு இன்னும் நெருக்கமானது. 2020 ஜனவரி 24 அன்று சீனாவின் குவாங்சோ நகரத்தில் ஒரு ஹோட்டலில் மூன்று குடும்பங்கள் பக்கத்துப் பக்கத்து மேசைகளில் மதிய உணவு சாப்பிட்டன. அதில் ஒரு குடும்பம் வூஹானிலிருந்து வந்தது. ஜன்னல் திறப்பு இல்லை, எக்ஸாஸ்ட் ஃபேன்கள் ஓடவில்லை, ஒரு ஏசி அந்த மூன்று மேசைகளின் மேல் காற்றைச் சுற்றிச் சுற்றி விட்டுக்கொண்டிருந்தது. அந்த மூன்று குடும்பங்களில் மொத்தம் பத்துப் பேருக்குக் கொரோனா. அந்த ஏசி வீச்சுக்கு வெளியே உட்கார்ந்திருந்த மற்ற வாடிக்கையாளர்களுக்கு வரவில்லை. அதே ஆண்டு மார்ச் 10 அன்று அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஸ்காகிட் பள்ளத்தாக்குப் பாடகர் குழு இரண்டரை மணி நேரம் பாட்டுப் பயிற்சி செய்தது. வந்தவர்கள் 61 பேர். உறுதியானதும் சந்தேகத்துக்குரியதுமாக 53 பேருக்கு நோய். இரண்டு பேர் இறந்துபோனார்கள்.

இவ்வளவு தெரிந்தும் ஏன் எல்லோரும் சானிடைசர் பாட்டிலையே பிடித்துக்கொண்டிருக்கிறோம் என்றால், அதற்கும் காரணம் உண்டு. 2020 மார்ச் 28 அன்று, கொரோனா காற்றில் பரவுவதில்லை என்று உலக சுகாதார நிறுவனமே ட்விட்டரில் அடித்துச் சொன்னது. கையைக் கழுவு, மேசையைத் துடை என்பது எல்லோர் மனதிலும் பதிந்துபோனது அப்போதுதான். அந்த ஜூலையில் லிடியா மொராவ்ஸ்கா, டொனால்ட் மில்டன் என்ற இரண்டு விஞ்ஞானிகள், மொத்தம் 239 பேரின் ஆதரவோடு, காற்று வழியைக் கவனியுங்கள் என்று எழுதினார்கள். 2021ல் அந்த நிறுவனம் தன் விளக்கத்தைத் திருத்திக்கொண்டது. அவ்வளவு பெரிய நிறுவனமே மாற்றிக்கொண்ட பிறகு, நம் பள்ளிச் சுற்றறிக்கை மட்டும் 2020 மார்ச்சிலேயே நிற்க வேண்டியதில்லை. கை கழுவுவதை நிறுத்தச் சொல்லவில்லை. வயிற்றுப்போக்கு முதல் சளி வரை அது தடுக்கும், பிள்ளைகளுக்குப் பழக்க வேண்டிய பழக்கம். ஆனால் ஒரு பிள்ளை மூச்சில் இழுக்கும் காற்றைச் சானிடைசர் சுத்தம் செய்யாது.

அக்டோபர் பெற்றோர் கூட்டத்துக்கு வந்தபோது என் வேலைக்கு வைத்திருக்கும் கார்பன் டை ஆக்சைடு மீட்டரைப் பையில் எடுத்து வந்திருந்தேன். அதை மறைத்து வைக்கவில்லை, மேசை மேலேயே வைத்தேன், கிளாஸ் டீச்சரும் பார்த்தார். திறந்த வெளியில் அந்த மீட்டர் 420 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காற்றில் 420 பங்கு) பக்கம் காட்டும். கூட்டம் தொடங்கும்போது வகுப்பறையில் 700. கதவு சாத்தி, ஏசி ஓடி, முக்கால் மணி நேரம் பேசி முடித்தபோது 2,400ஐத் தாண்டிவிட்டது. நாம் வெளிவிடும் மூச்சில் கார்பன் டை ஆக்சைடு ஏறக்குறைய 40,000 பிபிஎம் இருக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 2,400 என்றால், அந்த அறையில் இருப்பவர் இழுக்கும் இருபது மூச்சில் ஒன்று ஏற்கனவே இன்னொருவரின் நெஞ்சுக்குள் போய் வந்த காற்று. அறையில் ஒரு பிள்ளைக்குத் தொற்று இருந்தால் அந்த ஒன்றில் என்ன இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கதவைத் திறந்து ஜனங்கள் வெளியேறியதும் எண் மளமளவென்று இறங்கியது. அதையும் டீச்சர் பார்த்தார். அவர் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. இந்த அறையில் முழுநாளும் மூச்சு விடுபவர்களில் அவரும் ஒருவர்.

நம் பக்கத்தில் ஃப்ளூ எப்போது ஏறும் என்பதும் தெரிந்த கதைதான். சென்னை, வேலூர்ப் பகுதிகளில் அது உச்சத்துக்குப் போவது அக்டோபர், நவம்பரில், வடகிழக்குப் பருவமழையோடு. மழைக்குப் பயந்து எல்லோரும் ஜன்னலைச் சாத்தும் காலம். 2023 மார்ச்சில் எச்3என்2 வகை ஃப்ளூ பரவியபோது புதுச்சேரி அரசு எட்டாம் வகுப்பு வரை பத்து நாள் பள்ளிகளையே மூடியது. அந்த நிலைமை இங்கே வர வேண்டாம் என்றுதான் நானும் நினைக்கிறேன்.

வாசலில் நெற்றியில் காட்டும் வெப்பமானியைப் பற்றி ஒரு வார்த்தை. ஃப்ளூ வந்தவர் காய்ச்சல் தொடங்குவதற்கு ஒரு நாள் முன்பிருந்தே மற்றவர்களுக்குப் பரப்ப முடியும். அப்புறம் ஐந்து முதல் ஏழு நாள் வரை பரப்புவார், சிறு பிள்ளைகள் இன்னும் கூடுதலாக. முதல் நாளில் அந்தக் கருவிக்கு எதுவும் தெரியாது. இரண்டாவது நாளில் பாராசிட்டமால் போட்டு அனுப்பினாலும் தெரியாது. போட்டு அனுப்புகிறார்கள் என்பது உங்களுக்கும் தெரியும். என் மகளின் பெஞ்சில் உட்காரும் பிள்ளை ஜாமெட்ரி பாக்ஸுக்குள் மாத்திரைப் பட்டையை வைத்துக்கொண்டு, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பாதி மாத்திரை விழுங்கியிருக்கிறாள். கண்ணெல்லாம் சிவந்து, மேசையில் தலை வைத்துப் படுத்திருக்கிறாள். ஏன் லீவு போடவில்லை என்று என் மகள் கேட்டதற்கு, "நூறு சதவீத வருகைக்கு ஷீல்டு தருவாங்கல்ல, போன வருஷமும் ஒரு நாள்ல போச்சு" என்றாளாம். அந்தப் பிள்ளையை நான் குறை சொல்ல மாட்டேன். அவள் அம்மாவையும் குறை சொல்ல மாட்டேன். லீவு போட்டால் மெடிக்கல் சர்டிபிகேட், அதற்கு டாக்டர் ஃபீஸ், வேலைக்குப் போகும் அம்மாவுக்குச் சம்பளப் பிடித்தம், இதற்கு மேல் ஹவுஸ் பாயிண்டும் குறையும் என்றால் யார்தான் பிள்ளையை வீட்டில் வைப்பார்கள்? காய்ச்சலோடு பள்ளிக்கு வருவதற்குப் பரிசு கொடுக்கும் ஏற்பாட்டைச் செய்தது நிர்வாகம்.

அந்த வாரக் கடைசியில் என் மகளுக்குக் காய்ச்சல். மூன்று நாள் அனலாய்க் கொதித்தது, தேறிவிட்டாள். அவளுக்குக் கஞ்சி ஊட்டியது என் அம்மா. அம்மா எழுபதைத் தாண்டியவர். கிராமத்தில் விறகடுப்புப் புகையிலேயே சமைத்துச் சமைத்து நுரையீரல் பழுதானவர், சர்க்கரையும் உண்டு. பாட்டியைப் பக்கத்தில் போக வேண்டாம் என்று எந்த வீட்டில் சொன்னால் கேட்பார்கள்? நான்காம் நாள் அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்தார்கள். பரிசோதனையில் இன்ஃப்ளுயன்ஸா ஏ, அதாவது ஃப்ளூ, என்று வந்தது. பேச வாய் திறந்தால் இருமல், இருமினால் உதடு நீலம். இப்போது வீட்டுக்கு வந்துவிட்டார். ஆனால் குளியலறை வரை நடக்கவே நடுவில் உட்கார வேண்டியிருக்கிறது. இந்த வைரஸ் உங்கள் வகுப்பறையிலிருந்துதான் வந்தது என்று கோர்ட்டில் என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் அந்த வாரம் அந்த ஒரு வகுப்பில் பாதிப் பிள்ளைகள் வரவில்லை என்பது உங்கள் வருகைப் பதிவேட்டிலேயே இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு "வகுப்பறைகளுக்குத் தொடர்பில்லை" என்று எப்படி எழுத முடிந்தது?

மகள் குணமாகித் திரும்பியபோது லேசாக இருமல் இருந்ததால் மாஸ்க் போட்டு அனுப்பினேன். காலை பிரார்த்தனைக் கூட்டத்தில், சீருடையில் மாஸ்க் கிடையாது, கழற்று என்று சொல்லியிருக்கிறார்கள். மற்ற பிள்ளைகளுக்கு வரக் கூடாது என்று போட்ட மாஸ்க் அது. மனதுக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது.

ஏசியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதில்தான் என் குடும்பம் சாப்பிடுகிறது. திருச்சி வெயிலில் ஏப்ரல் மாதம் மதிய வகுப்பு என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். நான் படித்த அரசுப் பள்ளியில் இரண்டு பக்கமும் ஜன்னல், மேலே வென்டிலேட்டர், நடுவில் கிறீச்சென்று சுற்றும் ஒரு ஃபேன். வியர்த்தது, ஆனால் காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போய்க்கொண்டே இருந்தது. கட்டியவர்களுக்குக் காற்றோட்டத்தின் அருமை தெரிந்திருக்கிறது. உங்கள் கட்டடத்திலும் அதே அமைப்புதான் இருந்தது, நாம்தான் அடைத்திருக்கிறோம்.

ஜன்னலைத் திறந்தால் கரன்ட் பில் ஏறும் என்பீர்கள். கொஞ்சம் ஏறும்தான். இரண்டு எதிர்ப்பக்கத்து ஜன்னல்களை ஒரு கை அகலம் திறந்து வைத்து, ஏசியை 26ல் ஓட்டி, கூடவே ஃபேனையும் போட்டால் அறை வசதியாகவே இருக்கும். கொசு வரும், டெங்கு வரும் என்பது நியாயமான பயம். அதற்கு வலை இருக்கிறது, இந்த ஊரில் வலை அடிக்காத வீடு எது? சாரல் அடிக்கும் என்றால் மேலே உள்ள வென்டிலேட்டர் போதும், அதற்கு சன்ஷேடும் உண்டு. ஒரு பக்கம் மட்டும் ஜன்னல் உள்ள அறைகளில் எக்ஸாஸ்ட் ஃபேன் வைக்கலாம். ஒரு ஏசி வாங்கிய காசில் பத்தில் ஒரு பங்குகூட அதற்கு ஆகாது. இத்தாலியின் மார்க்கே மாகாணத்தில் 10,000க்கும் மேற்பட்ட வகுப்பறைகளை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். மணிக்கு ஆறு முறை காற்று மாறும் அளவுக்கு இயந்திரக் காற்றோட்டம் இருந்த அறைகளில் கொரோனா தொற்று 80 சதவீதத்துக்கு மேல் குறைவாக இருந்தது. பிரிட்டன் அரசு 2021ல் பள்ளிகளுக்கு ஏறக்குறைய மூன்று லட்சம் கார்பன் டை ஆக்சைடு மீட்டர்கள் தருவதாக அறிவித்தது. மணிக்கு ஐந்து முறையாவது காற்று மாற வேண்டும் என்று அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2023ல் சொன்னது. நம் வகுப்பறையில் அது ஒரு முறையாவது மாறுமா என்பதே எனக்குச் சந்தேகம்.

ஆகவே நிர்வாகத்திடம் நான் கேட்பது இவை.

இந்த மாதம் முடிவதற்குள் எல்லா வகுப்பறைகளிலும் ஜன்னல் ஸ்க்ரூக்களைக் கழற்றுங்கள், வென்டிலேட்டர்களில் உள்ள தெர்மோகோலை எடுங்கள், கொசுவலை அடியுங்கள். ஏசி ஓடும்போதும் இரண்டு பக்கமும் கொஞ்சம் திறந்திருக்க வேண்டும் என்று ஆசிரியர்களுக்கு எழுத்தில் சொல்லுங்கள். இடைவேளையிலும் மதிய உணவு நேரத்திலும் கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் முழுதாகத் திறந்து விடுங்கள். ஒவ்வொரு மாடிக்கும் ஒரு கார்பன் டை ஆக்சைடு மீட்டர் வாங்கி வையுங்கள். 1,000 பிபிஎம்மைத் தாண்டும் அறை எதுவோ அதற்கு முதலில் எக்ஸாஸ்ட் ஃபேன் வையுங்கள். அளவெடுக்கவும் மாட்டவும் நான் வருகிறேன், கூலி வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை என்றாலும் சரி.

நூறு சதவீத வருகைக்கான ஷீல்டை இந்த ஆண்டே நிறுத்துங்கள். காய்ச்சல், இருமலுக்கு ஐந்து நாள் வரை லீவு எடுக்க பெற்றோரின் கடிதமே போதும், சர்டிபிகேட் கேட்க மாட்டோம், ஹவுஸ் பாயிண்ட் குறைக்க மாட்டோம் என்று அறிவியுங்கள். மாத்திரை போடாமலே காய்ச்சல் விட்டு முழுதாக ஒரு நாள் ஆன பிறகுதான் பிள்ளை வகுப்புக்கு வர வேண்டும் என்பதை விதியாக்குங்கள். இதே சலுகை ஆசிரியர்களுக்கும் ஆயாக்களுக்கும் வேன் டிரைவர்களுக்கும் சம்பளப் பிடித்தம் இல்லாமல் கிடைக்க வேண்டும். அவர்களும் அதே காற்றைத்தான் சுவாசிக்கிறார்கள்.

மாஸ்க் போட்டு வரும் பிள்ளையை யாரும் கழற்றச் சொல்லக் கூடாது. இருமலோடு வரும் பிள்ளைக்குக் கொடுக்க அலுவலகத்தில் சில நல்ல மாஸ்க்குகள் இருக்கட்டும். துணி மாஸ்க்கை விட, முகத்தோடு இடைவெளி இல்லாமல் பொருந்தும் என்95 பல மடங்கு காக்கும். ஒரு வகுப்பில் மூன்று, நான்கு பேருக்குக் காய்ச்சல் என்றால் அன்றைக்கே அந்த வகுப்புப் பெற்றோருக்குச் சொல்லுங்கள். பெயர் வேண்டாம், எண்ணிக்கை போதும். வீட்டில் வயதானவர்களும் கைக்குழந்தையும் இருப்பவர்கள் அதை வைத்துச் சுதாரித்துக்கொள்வார்கள். ஃப்ளூ தடுப்பூசி அரசு இலவசப் பட்டியலில் இல்லாததால் பலருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. அடுத்த ஆண்டு மழை தொடங்கும் முன், விருப்பம் உள்ளவர்களுக்காக ஒரு மருத்துவரை வரவழைத்து விளக்கமாவது கொடுங்கள்.

கடைசியாக, அந்தச் சுற்றறிக்கையின் முதல் வாக்கியத்தைத் திரும்பப் பெறுங்கள். அதே வாட்ஸ்அப் குழுவில், அதே லெட்டர் பேடில். அடுத்த பெற்றோர் கூட்டத்துக்கு முன்பாக இவற்றில் எதைச் செய்வீர்கள், எதைச் செய்ய மாட்டீர்கள், ஏன் என்று எழுத்தில் பதில் எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
ஏழாம் வகுப்பு மாணவியின் தந்தை